அண்ணாமலை ரெட்டியாரும் காவடிச் சிந்தும்

சென்னிகுளம் அண்ணாமலை ரெட்டியார் (1865–1891) காவடிச் சிந்துக்கு நிலைத்த வடிவம் தந்த புலவர், இசைப்பா ஆசிரியர். சங்கரன்கோவிலை அடுத்த சென்னிகுளத்தில் பிறந்தவர். திருவாவடுதுறை ஆதீனத்தில் உ. வே. சாமிநாதையரிடம் பாடம் கேட்டார். பின்னர் ஊற்றுமலை ஜமீன்தார் இருதயாலய மருதப்பத் தேவரின் அவைப்புலவரானார். 26 வயதில் மறைந்தார்.

கோமதி அந்தாதி, சங்கரநாராயணர் கோயில் திரிபந்தாதி ஆகியவை அவருடைய புலமைக்குச் சான்று. ஆனால் மக்கள் நாவில் அவரை நிறுத்தியது சிந்துதான். ஜமீன்தார் கழுகுமலை முருகனுக்குக் காவடி எடுத்துச் சென்றபோது வழிநடைக்காக ரெட்டியார் பாடியவை இப்பாடல்கள் என்பர். நடப்பவருக்கான பாட்டு என்பது அமைப்பிலேயே தெரியும். தகிட தகிட என மூன்று மூன்றாக விழும் திஸ்ர நடை. அடிக்குள்ளேயே அடுக்கடுக்காக வரும் எதுகையும் இயைபும். துண்டு துண்டாக நிற்கும் சொற்கட்டு. தோளில் பாரம் சுமப்பவரும் மூச்சு வாங்கிக்கொண்டே பாடலாம். கல்லாதவர் பாடிவந்த வழிநடை மெட்டில் கற்றவரின் தமிழை இவ்வளவு இயல்பாக ஏற்றியவர் மிகச் சிலரே. பின்னாளில் பாரதியாரும் சிந்து வடிவங்களை விரும்பிக் கையாண்டார். கச்சேரி மேடையில் பெரும்பாலும் செஞ்சுருட்டி ராகத்தில், நிகழ்ச்சியின் பிற்பகுதியில், துக்கடா எனப்படும் சிறு உருப்படியாகக் காவடிச் சிந்து பாடப்படுகிறது. தமிழிசை முன்னோடிகளான முத்துத்தாண்டவர், அருணாசலக் கவிராயர் வரிசையில் வைத்துப் பேசத்தக்கவருக்கு இந்தத் துக்கடா இடம் போதாது.

காவடி கடல் கடந்தும் வந்தது. சிங்கப்பூரின் வடபகுதியான ஈசூனில், தொழிற்பேட்டைக்குள் உள்ள புனிதமரம் ஸ்ரீ பாலசுப்பிரமணியர் ஆலயம் பங்குனி உத்திரத்துக்குப் பெயர்பெற்றது. செம்பவாங் கடற்படைத் தள வட்டாரத்தில் ஒரு மரத்தடியில் தொடங்கிய வழிபாடு பின்னர் இங்கு இடம்பெயர்ந்தது. கழுகுமலையிலும் பங்குனி உத்திரமே பெருவிழா. ஈசூனில் அன்று பால்குடமும் காவடியும் சாலையில் வரும். 1964 இனக் கலவரங்களுக்குப் பின் சமயப் பாத ஊர்வலங்களுக்குச் சிங்கப்பூரில் தடை வந்தது. தைப்பூசம், பங்குனி உத்திரம், தீமிதி ஆகிய மூன்றுக்கும் விலக்கு உண்டு. தைப்பூச ஊர்வலத்தில் இசைக்கருவிகள் 1973இல் தடுக்கப்பட்டன. 2016இல்தான் பாதையின் சில இடங்களில் நேரடி இசைக்கு அனுமதி கிடைத்தது. இடைப்பட்ட நாற்பதாண்டுகளுக்கு மேல் காவடிக்குத் தாளம் கொடுக்க உடன் நடப்பவரின் குரலும் கைத்தட்டலும் துணைநின்றன.