விழா ஒரு நாள், பம்பரம் மூன்று மாதம்: ஜப்பானின் மாலைக் காப்பகங்களில் பருவச் செயல்பாடுகள்

1. பொருளும் எல்லையும்

ஜப்பானில் பெற்றோர் இருவரும் வேலைக்குப் போகும் வீட்டுப் பிள்ளைகள் தொடக்கப்பள்ளி விட்டதும் செல்லும் இடத்தை மக்கள் 'கக்குடோ' என்கிறார்கள். இக்கட்டுரையில் அது மாலைக் காப்பகம். ஆண்டு முழுவதும் அங்கே நடக்கும் பருவ, பண்பாட்டுச் செயல்பாடுகளில் எவை பிள்ளைகளிடம் தங்குகின்றன, எவை வெறும் சம்பிரதாயமாகிக் கழிகின்றன என்பதே இங்கு ஆராயப்படுகிறது. மழலையர் பள்ளி விழாக்களும் பள்ளிகள் நடத்தும் விழாக்களும் இதில் சேரவில்லை.

வாதத்தை முதலிலேயே வைத்துவிடலாம். பாடத்திட்டமோ தேர்வோ இல்லாத இரண்டு மூன்று மணி நேரம், அதே பிள்ளைகளோடு, நாள்தோறும் கிடைப்பதுதான் மாலைக் காப்பகத்தின் பெரிய சொத்து. அந்தத் தொடர்ச்சியைப் பயன்படுத்தும் செயல்பாடுகள் நிலைக்கின்றன. காலையில் அலங்கரித்து மாலையில் பிரித்துவிடும் விழாக்களில் மிஞ்சுவது பெற்றோருக்கு அனுப்பும் மாதச் செய்திமடலுக்கான ஒரு புகைப்படம்.

2. காப்பகங்கள் உருவான விதம்

1960களில் வீட்டுச் சாவியைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு தனியே திரியும் பிள்ளைகள் ஜப்பானிய நகரங்களில் ஒரு சமூகப் பிரச்சினையாகப் பேசப்பட்டார்கள். பல இடங்களில் பெற்றோர்களே கூடி, வாடகைக்கு அறை பிடித்து, ஆள் வைத்து நடத்தியவைதான் தொடக்ககாலக் காப்பகங்கள். 1967இல் அவர்களின் நாடு தழுவிய தொடர்பு அமைப்பு தோன்றியது. சட்டம் மெதுவாகத்தான் வந்து சேர்ந்தது. 1997இல் குழந்தைகள் நலச் சட்டம் திருத்தப்பட்டு, 1998 முதல் இது முறையான நலப்பணியானது. அப்போது ஏறத்தாழ 3.5 லட்சமாக இருந்த பிள்ளைகள் 2024இல் 15 லட்சத்தைத் தாண்டினர். இடம் கிடைக்காமல் காத்திருந்தோர் 17,000க்கு மேல். 2023 முதல் பொறுப்பு குழந்தைகள், குடும்பங்கள் முகமையிடம் இருக்கிறது.

நம் பொருளுக்கு 2015 முக்கியமான ஆண்டு. அதுவரை ஏறக்குறைய பத்து வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளுக்கென இருந்த சேவை ஆறாம் வகுப்பு வரை நீட்டப்பட்டது. ஒரு குழுவுக்குச் சுமார் 40 பிள்ளைகள், ஒரு பிள்ளைக்கு 1.65 சதுர மீட்டர், அதாவது ஏறத்தாழ ஒரு தத்தாமிப் பாய் அளவு இடம் என அளவுகோல்களும் நடைமுறைக்கு வந்தன. அதே ஆண்டின் செயல்பாட்டு வழிகாட்டி காப்பகத்தை விளையாட்டுக்கும் அன்றாட வாழ்க்கைக்குமான இடமாகக் காண்கிறது. பாய் அகலத்தில் ஒரு பிள்ளை என்று கணக்குப் போட்ட அறையில் மாவிடிக்கும் உரலை எங்கே வைப்பது என்பதை மட்டும் எந்த வழிகாட்டியும் சொல்வதில்லை.

3. நாள்காட்டிக்கும் பருவத்துக்கும் உள்ள விரிசல்

காப்பகத்தின் ஆண்டுத் திட்டத்தைப் பார்த்தால் வரிசை பெரும்பாலும் ஒன்றுபோலவே இருக்கும்: மே 5 குழந்தைகள் நாள், ஜூலை 7 தனபாத்தா, செப்டம்பர் வாக்கில் நிலாக் காணல், டிசம்பரில் மோச்சி (பசையரிசி மாவுருண்டை) இடித்தல், ஜனவரியில் புத்தாண்டு விளையாட்டுகள், பிப்ரவரியில் பயறு எறியும் செத்சுபுன், மார்ச் 3 பொம்மைத் திருநாள். இவற்றைப் 'பருவ விழாக்கள்' என்று எழுதுவது வழக்கம். ஆனால் பல விழாக்கள் பருவத்தை விட்டு விலகி நிற்கின்றன.

ஜப்பான் 1873 ஜனவரி 1 முதல் கிரிகோரியன் நாள்காட்டிக்கு மாறியது. பழைய சந்திர நாள்காட்டியின் ஏழாம் மாதம் ஏழாம் நாள் அப்படியே ஜூலை 7 ஆகிவிட்டது. வேகா, அல்டேர் என்ற இரு விண்மீன்கள் ஆண்டுக்கொருமுறை சந்திப்பதாகச் சொல்லும் அந்த விழா இப்போது மழைக்காலத்தின் நடுவில் வருகிறது. தோக்கியோ வட்டாரத்தில் மழை ஓய்வதே பெரும்பாலும் ஜூலை நடுப்பகுதிக்குப் பிறகுதான். செந்தாய் நகரம் தன் பெரிய தனபாத்தாவை ஆகஸ்ட் 6 முதல் 8 வரை கொண்டாடிப் பழைய பருவத்தை ஓரளவு காப்பாற்றுகிறது. தேசிய வானியல் ஆய்வகமும் 2001 முதல் 'மரபுத் தனபாத்தா' நாளைக் கணித்து அறிவிக்கிறது. 2025இல் அது ஆகஸ்ட் 29. இது காப்பகங்களுக்கு நல்ல வாய்ப்பு. ஆகஸ்டில் பள்ளிக்கு விடுமுறை, பிள்ளைகள் காலையிலிருந்தே காப்பகத்தில் இருக்கிறார்கள், வானமும் தெளிவாக இருக்கக்கூடும். ஜூலையில் வேண்டுதல் எழுதிய காகிதத்தை மூங்கிலில் கட்டிவிட்டு ஆகஸ்டில் விண்மீனைத் தேடச் சொல்லலாம். மார்ச் 3 பொம்மைத் திருநாளுக்குரிய பீச் மலருக்கும் இதே கதைதான். அன்று மலர்ந்திருப்பது பூக்கடைக் கிளை. மரத்தில் இன்னும் மொட்டு.

நிலாக் காணலில் சிக்கல் வேறு. அறுவடைப் பௌர்ணமி நாளில் நிலவு எழும் நேரமும் பெற்றோர் பிள்ளையை அழைக்க வரும் நேரமும் ஒன்றாகிவிடுகின்றன. அந்நாளுக்குரிய மாவுருண்டை காப்பகத்தில், நிலவு வீட்டுக்குப் போகும் வழியில்.

கோடையும் மாறிவருகிறது. வெப்பக் குறியீடு 31ஐத் தொட்டால் உடற்பயிற்சியை நிறுத்துவதே பொது விதி. சிள்வண்டு பிடிக்க ஓடிய பிள்ளைகள் ஆகஸ்ட் முழுக்கக் குளிரூட்டிய அறையில் அடைபட்டிருக்கிறார்கள்.

4. தொடர்ச்சியில் விளையும் செயல்பாடுகள்

4.1 காகிதத் திரி

தனபாத்தாவில் எல்லோரும் பார்ப்பது மூங்கிலில் தொங்கும் வண்ணச் சீட்டுகளை. வேலை நடப்பது அதற்கு முந்தைய நாள்களில். சீட்டைக் கட்ட, கைத்தாளை மெல்லிய நாடாவாகக் கிழித்து, கட்டைவிரலுக்கும் ஆட்காட்டி விரலுக்கும் நடுவே சாய்வாக உருட்டித் திரியாக்க வேண்டும். முதல் வகுப்புப் பிள்ளை உருட்டினால் பாதியிலேயே பிரிந்துவிடும். விரலில் சிறிது ஈரம் தொட்டு, தாளின் மூலையிலிருந்து தொடங்கினால் பிடிபடும். ஊழியர்கள் நேரம் மிச்சப்படுத்த நூல் கட்டித் தயாராக வைத்த சீட்டைக் கொடுத்துவிடுவதுண்டு. அப்போது பிள்ளைக்கு மிஞ்சுவது 'கால்பந்து வீரன் ஆக வேண்டும்' என்று ஒரு வரி எழுதும் வேலை மட்டுமே. வெட்டிய மூங்கில் இலை மிக விரைவில் காய்ந்து சுருண்டுவிடும் என்பதால் கிளையை மட்டும் கடைசியில் கொண்டுவர வேண்டும். மற்ற எல்லாவற்றையும் ஜூன் மாதமே தொடங்கலாம்.

4.2 பம்பரமும் கெண்டாமாவும்

மாலைக் காப்பகப் பண்பாடு என்று ஒன்றைச் சுட்டச் சொன்னால் பம்பரத்தைத்தான் சுட்டுவேன். இது புத்தாண்டு விளையாட்டு. ஆனால் நல்ல காப்பகங்களில் நவம்பரிலேயே கயிறு வெளியே வந்துவிடும். பிப்ரவரி வரை உள்ளே போகாது. இரும்பு வளையம் பூட்டிய மரப் பம்பரத்தில் முதல் இரண்டு மூன்று சுற்றை ஆணியை ஒட்டி இறுக்கிச் சுற்றி, பிறகு பிடியைச் சற்றுத் தளர்த்திச் சுருளாகப் பரப்ப வேண்டும். முனை முடிச்சு சுண்டுவிரலுக்கும் மோதிரவிரலுக்கும் இடையில் நிற்கும். கீழ்நோக்கி அடித்தால் பம்பரம் குப்புற விழும். கிடைமட்டமாக வீசிக் கையை இழுக்க வேண்டும். தரையில் சுழன்றபின் உள்ளங்கையில் ஏந்துவது, கயிற்றின்மேல் நடக்கவிடுவது என்று படிகள் உயரும். சுவரில் ஒட்டிய தேர்ச்சி அட்டையில் ஒவ்வொரு படிக்கும் ஒரு கட்டம் உண்டு. அந்தக் கட்டத்துக்கு முத்திரை வாங்க ஒரு பிள்ளை வாரக்கணக்கில் காத்திருப்பான்.

கற்றுக்கொடுப்பது பெரும்பாலும் நான்காம், ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள். 2015இன் வயது நீட்டிப்பு இங்கேதான் பொருள் பெறுகிறது: பெரிய பிள்ளைகளுக்குக் காப்பகம் சலிப்பூட்டுகிறது என்ற புகார் எப்போதும் உண்டு, அவர்களை அங்கே நிறுத்தி வைக்கும் சில காரணங்களில் இந்தக் குருப்பட்டம் ஒன்று.

கெண்டாமாவுக்கு இதே தன்மை உண்டு. கிண்ணங்களும் முனையும் கொண்ட மரக்கைப்பிடியில் கயிறு கட்டிய பந்தை ஏந்தும் இவ்விளையாட்டின் இன்றைய வடிவம் 1919இல் ஹிரோஷிமா மாநிலத்தில் பதிவானது. அங்குள்ள ஹத்சுகாய்ச்சி அதன் உற்பத்திக்குப் பேர்போன ஊர். 1975இல் சிறுவர் எழுத்தாளர் புஜிவாரா இஸ்ஸெய் ஜப்பான் கெண்டாமா சங்கத்தைத் தொடங்கினார். பின்னர் கருவிக்கும் தேர்ச்சிப் படிகளுக்கும் ஒரே அளவு வந்தது. மரபு விளையாட்டு என்று நாம் சொல்வதன் சட்டகம் ஐம்பது ஆண்டுப் பழையதுதான். அதனால் அதன் மதிப்பு குறைந்துவிடவில்லை.

4.3 சீட்டாட்டம்

நூறு கவிஞர்களின் நூறு பாடல்களைக் கொண்ட 'ஹியாக்குனின் இஷ்ஷு' சீட்டுகளைப் பழைய மொழி அறியாத பிள்ளைகள் முன் வைப்பது வீண் என்று தோன்றலாம். அதே சீட்டுகளில் படத்தை மட்டும் புரட்டி ஆடும் ஓர் ஆட்டம் இருக்கிறது: துறவி வந்தால் கையிலுள்ளதெல்லாம் போச்சு, இளவரசி வந்தால் நடுவில் கிடப்பதெல்லாம் உனக்கு. எழுத்தே தேவையில்லை. ஆறு வயதில் படத்தோடு பழகியவர்கள் பத்து வயதில் பாடலுக்கு வருவது எளிது.

5. உணவும் ஆபத்தும்

செத்சுபுனில் வறுத்த சோயாப் பயற்றை எறிந்து பேயை விரட்டி, வயதின் எண்ணிக்கைக்கு உண்பது வழக்கம். (இந்நாள் பொதுவாகப் பிப்ரவரி 3; 2021இல் 124 ஆண்டுகளுக்குப் பிறகு 2ஆம் தேதிக்கு வந்தது.) ஐந்தும் அதற்குக் குறைந்தும் வயதுள்ளோருக்குக் கெட்டிப் பயறு, கொட்டை கொடுக்க வேண்டாம் என நுகர்வோர் விவகார முகமை அறிவுறுத்துகிறது. காப்பகப் பிள்ளைகள் ஆறைத் தாண்டியவர்கள். ஆனால் அழைக்க வரும் தாயின் இடுப்பில் தம்பி இருப்பான், தரையில் பயறு சிதறிக் கிடக்கும். செய்தித்தாளைக் கசக்கிய உருண்டையைப் பயறாக எறிவது நல்ல தீர்வு. ஹொக்காய்தோவில் வீடுகளிலேயே ஓட்டோடு வேர்க்கடலையை எறிவார்கள். ஆனால் அது ஒவ்வாமைப் பிள்ளைகளுக்கு ஆகாது.

மோச்சி இடிப்பதில் சங்கடம் இரட்டை: தொண்டையில் சிக்கும் உணவு, நோரோ வைரஸ் பரவும் டிசம்பர். பலர் கைபட்ட மாவைத் தின்னக் கொடுக்காமல் கடையில் வாங்கிய மோச்சியைப் பரிமாறும் இடங்கள் உண்டு. இடிக்கும் கை ஒரு மாவுக்கு, தின்னும் வாய் வேறு மாவுக்கு என்ற இந்தப் பிரிவினை எனக்கு உவப்பில்லை. ஆனால் வேறு வழி காட்டவும் முடியவில்லை.

6. சமயமும் ஆண்-பெண் பாகுபாடும்

மார்ச் 3க்குப் படிப்படியாக அடுக்கும் அரசவைப் பொம்மைகளைப் பார்க்கும் தமிழருக்கு நவராத்திரிக் கொலு நினைவுக்கு வராமல் இராது. அது பெண்பிள்ளைகளின் நாள். மே 5 ஆண்பிள்ளைகளுடையதாக இருந்தது. 1948இன் பொது விடுமுறைச் சட்டம் மே 5ஐ எல்லாக் குழந்தைகளுக்கும் உரியதாக்கி விடுமுறை அளித்தது. மார்ச் 3க்கு விடுமுறை இல்லை. காப்பகத்தில் காகிதக் கோப்பைப் பொம்மையை எல்லோரும் செய்கிறார்கள். சட்டம் ஒரு நாளுக்குச் செய்ததை இங்கே கத்தரிக்கோலும் பசையும் மற்ற நாளுக்குச் செய்துவிட்டன.

சமயத்தைப் பொறுத்தவரை, நகராட்சி நடத்தும் காப்பகத்தில் விரதமோ வழிபாடோ நடத்த முடியாது, வழக்கத்தை நடத்தலாம். த்சு நகராட்சி நடத்திய அடிக்கல் சடங்கு பற்றிய வழக்கில் 1977இல் உச்ச நீதிமன்றம் சமூக வழக்கமாகிவிட்ட சடங்குக்கு இடம் கொடுத்தது. ஆனால் நீதிமன்றம் அனுமதித்ததாலேயே ஒவ்வொரு பிள்ளையும் பங்கேற்றாக வேண்டும் என்றாகாது. பேய் விரட்டுவதை மறுக்கும் குடும்பமும், சிற்றுண்டியிலுள்ள ஜெலட்டினைத் தவிர்க்கும் முஸ்லிம் குடும்பமும் உண்டு. சேர்க்கைப் படிவத்திலேயே கேட்டுவிடுவதுதான் முறை.

7. ஊழியர்

பம்பரம் விடத் தெரிந்த ஒருவர் இருந்தால்தான் நவம்பரில் கயிறு வெளியே வரும். பகுதிநேரமாக, குறைந்த ஊதியத்தில் வேலை செய்வோரே இத்துறையில் பெரும்பான்மை. மார்ச்சில் நிதியாண்டு முடிகிறது: ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் விடைபெறுகிறார்கள், ஒப்பந்த ஊழியர் சிலரும் அதே மாதம் போகிறார்கள். குழுவுக்கு இரு ஊழியர் என்ற அளவுகோல் 2015இல் கட்டாயமாக இருந்தது. 2020 முதல் உள்ளாட்சிகள் பின்பற்றலாம் என்ற வழிகாட்டுதலாகத் தளர்ந்தது. கிராமங்களில் ஆள் கிடைக்காத நிலையைக் கருதியே இது செய்யப்பட்டது, அந்தத் தேவை உண்மையானது. ஆனால் ஒருவர் மட்டும் நாற்பது பிள்ளைகளைப் பார்க்கும் மாலையில் காகிதத் திரி உருட்டக் கற்றுக்கொடுக்க அவருக்குக் கை ஏது? நூல் கட்டிய சீட்டு பெட்டியிலிருந்து வெளியே வரும். எனவே ஆண்டுத் திட்டப் படிவங்களில் விழா நாளுக்கான பத்தியோடு, 'தொடங்கும் வாரம்', 'கற்றுத்தரும் பிள்ளை யார்' என்ற இரண்டு பத்திகளையும் சேர்க்க வேண்டும். முதல் பத்தியை நாள்காட்டி நிரப்பிவிடும்; மற்ற இரண்டும் வெறுமையாக இருந்தால், அந்த விழாவை அந்த ஆண்டு விட்டுவிட்டு அந்த நேரத்தைப் பம்பரத்துக்குக் கொடுப்பதே மேல்.