பாட்டியின் கைப் பச்சையும் குடும்ப வரலாறும்

பழவேற்காட்டில் டச்சுக்காரர் கல்லறையைப் பாராதவர் நம்மில் யார்? எலும்புக்கூடு செதுக்கிய வாயிலும், பெயரும் ஆண்டும் பொறித்த பெருங்கற்களும் இன்றும் நிற்கின்றன. 1613-இல் கெல்திரியாக் கோட்டையை எழுப்பியவர்கள் தங்கள் இறந்தோரைக் கல்லில் எழுதி வைத்துப் போனார்கள். ஏரியில் வலை வீசிய நம் முன்னோருக்குக் கல் ஏது? நம் பாட்டிமார்க்கு இருந்த எழுத்தெல்லாம் முழங்கையில் குத்திய பச்சைதான். அதுவும் உடலோடு மண்ணுக்குப் போய்விடுகிறது.

ஞானஸ்நானப் பதிவேடு இருக்கிறதே என்பீர்கள். இருக்கிறது, ஆனால் ஒரு தலைமுறைக்குள் எத்தனை மரியம்மாள், எத்தனை அந்தோணி! வீட்டில் கூப்பிட்ட பெயர் அதில் ஏறுவது அபூர்வம். கையில் குத்திய பெயர் அந்த வீட்டுப் பெயராகவோ, இறந்துபோன அண்ணன் பெயராகவோ இருக்கலாம். எந்த எழுத்து என்றும் பாருங்கள். நம் ஏரி தமிழகத்திலும் ஆந்திரத்திலும் பரந்து கிடப்பது. தெலுங்கு எழுத்து தென்பட்டால், வடக்கே எந்தக் குப்பத்திலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்தார் என்று விசாரிக்க வழி பிறக்கும்.

ஆனால் உருவங்களை நம்பி ஏமாறக் கூடாது. பச்சை குத்தியவர்கள் ஊர் ஊராகச் சென்ற குறத்தியர். மஞ்சளும் அகத்தியிலையும் சேர்த்த திரியை ஆமணக்கெண்ணெயில் எரித்து, சட்டியில் படிந்த கரியைத் தண்ணீரிலோ தாய்ப்பாலிலோ குழைத்தார்கள் என்று சென்னை அருங்காட்சியகத்தின் எட்கர் தர்ஸ்டன் குறித்திருக்கிறார். கோலம், தேள், மீன் எல்லாம் அவர்கள் கைவசம் இருந்த மாதிரிகள். இரண்டு பாட்டிகளுக்கு ஒரே தேள் இருந்தால் உறவு என்று சொல்லிவிட முடியாது. ஒரே குறத்தி ஒரே திண்ணையில் குத்தியிருப்பாள்! சிலுவை அப்படியல்ல. பாஸ்னியாவில் துருக்கியர் ஆட்சிக் காலத்தில் கத்தோலிக்கப் பெண்கள் கையில் சிலுவை குத்திக்கொண்டது தங்கள் இனத்தை அறிவிக்கத்தான்.

இத்தகைய அடையாளங்கள் அரசாங்கத் தாளிலும் ஏறின. 1860 அக்டோபரில் சென்னையிலிருந்து புறப்பட்ட 'ட்ரூரோ' கப்பல், நவம்பர் 16-இல் 342 பேரை நேட்டாலில் சேர்த்தது. ஒப்பந்தக் கூலிகளாகக் கடல் கடந்தவர்களின் பதிவேடுகளில் பெயர், தகப்பன் பெயர், வயது, ஊர் ஆகியவற்றோடு உடல் அடையாளங்களும் குறிக்கப்பட்டன. ஒரே பெயருடைய இருவரைப் பிரித்தறிய அவர்கள் பேரப்பிள்ளைகளுக்கு அந்தத் தழும்பும் பச்சையும் உதவுகின்றன.

லேவியர் ஆகமம் 19:28-ஐச் சொல்லி யாரோ கண்டித்ததால் முந்தானையால் கையை மூடும் பாட்டிகள் உண்டு. அவர்களிடம் பக்குவமாகப் பேச வேண்டும். வயதேற ஏற மை பரவி எழுத்து கலங்கும். படம் மட்டும் எடுத்தால் போதாது. யார் பெயர், எந்த ஊரில், எத்தனை வயதில், கலியாணத்துக்கு முன்பா பின்பா என்று அவர் வாயாலேயே கேட்டு எழுதி, ஞானஸ்நானப் பதிவேட்டின் பக்க எண்ணையும் அதே தாளில் குறித்து வையுங்கள்.