பிரிஞ்சாங் சுனைநீர் சொல்லும் குடியேற்றக் கதை

கேமரன் மலைக்குச் சுற்றுலா செல்பவர்கள் பிரிஞ்சாங்கில் வண்டியை விட்டு இறங்கியதும் காய்கறிச் சந்தை எங்கே, ஸ்ட்ராபெர்ரி தோட்டம் எங்கே என்றுதான் கேட்பார்கள். ஊரை ஒட்டிச் சிற்றோடையாக ஓடும் பெர்தாம் ஆற்றை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. ஆனால் இந்த மலையில் யார் முதலில் வாழ்ந்தார்கள், யார் பின்னால் வந்தார்கள் என்று தெரிந்துகொள்ள, அந்தத் தண்ணீரின் வழியே போய்ப் பார்க்க வேண்டும்.

பாறைக்குள் இறங்கும் மேகம்

பிரிஞ்சாங் நகரம் சுமார் 1,500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அதற்கும் மேலே, 2,031 மீட்டர் உயரத்தில் நிற்கிறது குனோங் பிரிஞ்சாங். அதன் உச்சியிலுள்ள பாசிக்காடு மழையை மட்டும் நம்பி இருப்பதில்லை. தவழ்ந்து போகும் மேகத்திலிருந்தும் ஈரத்தைப் பிடித்துக்கொள்கிறது. அந்த ஈரம் கருங்கல் பாறையின் இடுக்குகளில் சொட்டுச் சொட்டாக இறங்கி, பாறையின் தாதுக்களைக் கொஞ்சம் கரைத்துக்கொண்டு, கீழே சரிவுகளில் சுனையாக வெளிவருகிறது. மழை பெய்யாத நாளிலும் ஓடைகள் வற்றாமல் இருப்பது இதனால்தான்.

பெயர் யாருடையது?

1885-ஆம் ஆண்டு வில்லியம் கேமரன் என்ற அரசாங்க நில அளவையாளர் பகாங், பேராக் எல்லைப் பகுதியை ஆராய வந்தார். அவருக்குத் துணையாகக் காட்டுவழியில் சென்றவர் குலோப் ரியாவ். தாம் பார்த்த பீடபூமியைப் பற்றிக் கேமரன் அறிக்கை தந்தாரே தவிர, அதன் இடத்தை வரைபடத்தில் சரியாகக் குறிக்கவில்லை. மறு ஆண்டே அவர் இறந்துவிட்டார். ஆனாலும் மலைக்கு அவர் பெயரே நிலைத்தது.

ஆறுகளின் பெயர்கள் வேறு கதை சொல்கின்றன. பெர்தாம் என்பது ஒரு பனைவகை. அதன் ஓலை கூரை வேய உதவும். குனோங் பிரிஞ்சாங் சரிவில் சுங்கை பாலாஸ் தேயிலைத் தோட்டம் இருக்கிறதே, அந்தப் பாலாஸும் ஒரு பனைவகைதான். எந்த ஓலை எதற்கு உதவும் என்று தெரிந்தவர்கள்தாம் இப்படிப் பெயர் வைத்திருக்க முடியும். அளவையாளர் வருவதற்கு வெகுகாலம் முன்பே செமாய் பூர்வகுடி மக்கள் இந்த மலைகளில் வாழ்ந்து வந்தார்கள்.

கொழுந்து பறிக்க வந்தவர்கள்

1925-இல் ஜார்ஜ் மேக்ஸ்வெல் இந்த மலையைப் பார்வையிட்டு, இதை ஓய்வுத்தலமாக்க வேண்டும் என்றார். தாப்பாவிலிருந்து சுமார் 60 கிலோமீட்டருக்கு மலையைக் குடைந்து சாலை போடப்பட்டது. 1929-இல் ஜே.ஏ.ரசல், இலங்கையில் தேயிலை அனுபவம் பெற்ற மில்ன் என்பவருடன் சேர்ந்து போ தோட்டத்தைத் தொடங்கினார். 1933-இல் பாரத் தேயிலை வந்தது.

முதலாளிகளின் பெயர்கள் இப்படி வரிசையாகக் கிடைக்கின்றன. ஆனால் காட்டை வெட்டி, கன்று நட்டு, குளிரில் கூடையைச் சுமந்து கொழுந்து பறித்தவர்கள் யார்? பெரும்பாலும் தமிழ்நாட்டுக் கிராமங்களிலிருந்து வந்த நம் மக்கள். 1938-இல் இந்திய அரசாங்கம் தோட்டத் தொழிலாளர்களை மலாயாவுக்கு அனுப்புவதைத் தடை செய்தது. அதன்பிறகு புதிதாக வருவோர் குறைந்தார்கள். இருப்பவர்கள் இங்கேயே குடும்பமாக வேரூன்றினார்கள். பிரிஞ்சாங்கில் தண்டாயுதபாணி கோயில் எழுந்தது. பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் இந்தச் சுனைநீரைக் குடித்து வளர்ந்தார்கள்.

ஆனால் தோட்டத்து லயன் வீடு தோட்டத்துக்கே சொந்தம். வேலையை விட்டால் வீட்டையும் விட வேண்டும். குடும்பங்கள் பட்டணங்களுக்குப் பிரிந்து போனபோது, அவர்களின் கதையும் சிதறிப் போனது.

திசை மாறிய ஆறு

மனிதர்களைப் போலவே ஆறும் இடம்பெயர்க்கப்பட்டது. இயற்கையாகப் பெர்தாமும் தெலோமும் கிழக்கே ஜெலாய் ஆற்றில் கலந்து பகாங் ஆற்றுக்குப் போக வேண்டியவை. 1960களின் நீர்மின் திட்டம் தெலோம் நீரைச் சுரங்கவழியாகப் பெர்தாமுக்குக் கொண்டுவந்தது. ரிங்லெட்டில் சுல்தான் அபு பக்கார் அணை கட்டப்பட்டு, அங்கிருந்து நீர் மலைக்குள்ளேயே மேற்குப் பக்கம் திருப்பப்பட்டது. அது பேராக்கிலுள்ள மின்நிலையத்தில் 100 மெகாவாட் வரை மின்சாரம் தருகிறது.

பிறகு காய்கறித் தோட்டங்களுக்காகவும் கட்டடங்களுக்காகவும் சரிவுகள் மொட்டையாக்கப்பட்டன. மரம் போனால் மண்ணும் போகும். அந்த மண் அணையில் போய்ச் சேர்ந்து நீர் தேங்கும் இடத்தைக் குறைத்தது. 2013 அக்டோபர் 23-ஆம் நாள், கனமழையில் அணை நீர் திறந்துவிடப்பட்டபோது பெர்தாம் பள்ளத்தாக்கில் வெள்ளம் புகுந்து உயிர்களைப் பலி கொண்டது. மேலே காடு அழிந்ததற்குக் கீழே குடியிருந்தவர்கள் விலை கொடுத்தார்கள்.

நாம் செய்ய வேண்டியது

காட்டின் ஓலைகளை அறிந்தவர்களின் தடம் ஆற்றின் பெயரிலாவது நிற்கிறது. தேயிலைத் தோட்டத்துத் தமிழருக்கு அப்படி ஒரு மலையும் இல்லை, ஓடையும் இல்லை. அவர்கள் எந்த ஊரிலிருந்து வந்தார்கள், எந்த லயனில் இருந்தார்கள், எந்த ஓடையில் தண்ணீர் எடுத்தார்கள் என்பதெல்லாம் வயதானவர்களின் நினைவில் மட்டுமே இருக்கிறது.

அடுத்த பள்ளி விடுமுறையில் கேமரன் மலைக்குப் போகும் குடும்பங்கள், அங்கே பிறந்து வளர்ந்த பாட்டி தாத்தா இருந்தால் அவர்களையும் அழைத்துச் செல்லட்டும். பழைய லயன் இருந்த இடத்தை அவர்கள் கைகாட்டும்போது, பக்கத்தில் நிற்கும் பேரப்பிள்ளை அதை ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதிக்கொள்ளட்டும்.