கேட்டுக் கண்டுபிடிப்பது: ஸ்கிரீன் ரீடரும் புக்மார்க்கும், ஒரு சின்ன வரலாறு

(ஒலி அத்தியாயத்தின் திருத்திய எழுத்து வடிவம். பேச்சு நடை பெரும்பாலும் அப்படியே விடப்பட்டிருக்கிறது.)

தருமபுரியிலிருந்து பேசுறேன். இன்னிக்கு எடுத்துக்கிட்ட விஷயம் ரொம்பச் சின்னது. பிரவுசர்ல ஒரு பக்கத்தைச் சேமிச்சு வைக்கிறோமே, புக்மார்க், அதோட வரலாறு. ஆனா ஸ்கிரீன் ரீடர் வெச்சுக் காதால படிக்கிறவங்க பக்கம் நின்னு பார்க்கிற வரலாறு.

இதுல என்ன பெருசா இருக்குன்னு தோணலாம். ஒரு தேர்வு அறிவிப்பை நேத்து படிச்சீங்க, இன்னிக்கு மறுபடி வேணும். கண்ணால படிக்கிறவர் தேடுபொறியில் நாலு எழுத்து அடிப்பார், முடிவுகள் மேல ஒரு பார்வையை ஓட்டுவார், முடிஞ்சது. காதால படிக்கிறவருக்கு அந்த 'ஒரு பார்வை' கிடையாது. முடிவுகளை ஒவ்வொண்ணா கேட்கணும். தளத்துக்குள்ள போனா மெனுவைத் தாண்டணும், ஓடுற செய்திப் பட்டையைத் தாண்டணும், அப்புறம்தான் விஷயம். விண்ணப்பத்துக்குக் கடைசி நாள் சாயங்காலம் உட்கார்ந்திருக்கிறவருக்கு இந்தச் சில நிமிஷங்கள் சின்ன விஷயம் இல்ல. அதனால, ஒரு தடவை கண்டுபிடிச்ச இடத்துக்கு நேரா திரும்பி வர்ற வழி யார் கையில இருக்கு என்பது முக்கியமான கேள்வி.

கேசட்டில் ஒரு 'பீப்'

கணினிக்கு முன்னாடியே இந்தப் பிரச்சினை இருந்தது. பிரெயில் புத்தகத்தில் பக்கங்களுக்கு நடுவே ஒரு அட்டையைச் செருகி வைக்கலாம். 1951-இல் இந்திய மொழிகளுக்குப் பொதுவாக பாரதி பிரெயில் ஏற்கப்பட்ட பிறகு தமிழ்ப் புத்தகங்களிலும் அது முடிந்தது. ஆனா கேசட்ல என்ன செய்யிறது? நாடாவில் அட்டை செருக முடியாதே.

ஒலிப்புத்தகம் பதிவு செய்தவர்கள் அதற்கு ஒரு வழி கண்டார்கள். அத்தியாயம் தொடங்கும் இடத்தில் மிகத் தாழ்ந்த ஒரு ஒலியைச் சேர்த்துப் பதிவு செய்தார்கள். சாதாரண வேகத்தில் கேட்டால் அது ஏறக்குறையக் காதில் படாது. நாடாவை வேகமாக ஓட்டும்போது மட்டும் 'பீப்' என்று கேட்கும். பீப் கேட்டதும் நிறுத்தினால் அடுத்த அத்தியாயம். காதுக்காகவே செஞ்ச புக்மார்க்னு இதைச் சொல்லலாம். பின்னாடி இதே தேவைதான் டெய்சி என்கிற டிஜிட்டல் ஒலிப்புத்தக வடிவத்துக்கு வழி போட்டது. ஸ்வீடனில் தொடங்கிய அந்த முயற்சிக்கு 1996-இல் ஒரு சர்வதேசக் கூட்டமைப்பு உருவானது.

எழுத்து மட்டுமே இருந்த இணையம்

ஸ்கிரீன் ரீடர்களின் கதை டாஸ் காலத்தில் தொடங்குகிறது. விபத்தில் பார்வை இழந்த அமெரிக்கப் பொறியாளர் டெட் ஹென்டர், பில் ஜாய்ஸ் என்பவரோடு சேர்ந்து தொடங்கிய நிறுவனம் 1989-இல் ஜாஸ் என்ற மென்பொருளை டாஸுக்காக வெளியிட்டது. திரை முழுக்க எழுத்துதான் என்பதால் அதை வாசித்துக் காட்டுவது அன்றைக்குச் சுலபம்.

இணையத்திலும் அப்படி ஒரு கருவி இருந்தது. 1992-இல் கான்சாஸ் பல்கலைக்கழகத்தில் உருவான லின்க்ஸ் பிரவுசரில் படமே கிடையாது, எழுத்து மட்டும்தான். 'ஏ' விசையை அழுத்தினால் பக்கம் சேமிக்கப்படும். 'வி' அழுத்தினால் சேமித்த பட்டியல் திறக்கும். அந்தப் பட்டியலே ஒரு எச்டிஎம்எல் பக்கம், வேறெந்தப் பக்கத்தையும் போலப் படிக்கலாம். இதைக் கொஞ்சம் ஞாபகத்துல வெச்சுக்கோங்க, திரும்ப வருவோம்.

இந்தியாவில் 1995 ஆகஸ்ட் 15 அன்று விஎஸ்என்எல் பொதுமக்களுக்கு இணையத்தைத் திறந்தது. அதில் மலிவானது ஷெல் கணக்கு, அதாவது எழுத்து மட்டும் வரும் இணைப்பு. படம் பார்க்க ஆசைப்பட்டவங்களுக்கு அது குறை. ஸ்கிரீன் ரீடர் வெச்சிருந்தவங்களுக்கு அதுவே பொருத்தம். ஆனா சேவை முதலில் சென்னை, மும்பை மாதிரி பெருநகரங்களில்தான். அன்னைக்கு நம்ம ஊரெல்லாம் சேலம் மாவட்டத்திலிருந்து பிரிந்து 30 வருஷம் ஆன ஒரு தனி மாவட்டம், கிருஷ்ணகிரியும் அதுக்குள்ளதான் இருந்தது. அரூர், பென்னாகரம் பக்கம் இணையம் வர இன்னும் சில வருஷம் ஆச்சு.

ரெண்டு கம்பெனி, ரெண்டு வழி

1993-இல் வந்த மொசைக் பிரவுசரில் சேமித்த பக்கங்களின் பட்டியலுக்கு 'ஹாட்லிஸ்ட்' என்று பெயர். 1994-இல் வந்த நெட்ஸ்கேப் அதை 'புக்மார்க்' ஆக்கியது. 1995-இல் மைக்ரோசாஃப்டின் இன்டர்நெட் எக்ஸ்புளோரர் வந்து 'ஃபேவரிட்ஸ்' என்றது. பேர் மட்டும் வேற இல்ல, சேமிச்ச விதமும் வேற. நம்ம கதைக்கு அதுதான் முக்கியம்.

எக்ஸ்புளோரர் ஒவ்வொரு பக்கத்தையும் ஒரு தனிக் கோப்பாக, ஒரு ஃபோல்டருக்குள் போட்டு வைத்தது. அப்படின்னா என்ன? கோப்புகளைக் கையாளத் தெரிஞ்சவருக்குப் புக்மார்க்கையும் கையாளத் தெரியும். எஃப்2 அழுத்தினா பேர் மாத்தலாம், கன்ட்ரோல் எக்ஸ் போட்டு வேற ஃபோல்டருக்கு நகர்த்தலாம், டெலீட் போட்டு அழிக்கலாம். ஸ்கிரீன் ரீடர் புதுசா எதையும் கத்துக்க வேண்டியதில்ல, பயன்படுத்துறவரும்தான்.

நெட்ஸ்கேப் எல்லாவற்றையும் ஒரே எச்டிஎம்எல் கோப்பில் எழுதியது. அதில் ஒவ்வொரு ஃபோல்டரின் பெயரும் மூன்றாம் நிலைத் தலைப்பு, ஒவ்வொரு புக்மார்க்கும் ஒரு இணைப்பு. பார்வையற்றவர்களை நினைத்துச் செய்த ஏற்பாடு இல்லை இது. ஆனா பலன் அவங்களுக்குப் பெருசு. அந்தக் கோப்பை பிரவுசரில் திறந்து 'எச்' விசையை அழுத்தினால் ஃபோல்டர் ஃபோல்டராகத் தாவலாம். என்விடிஏவில் 'கே' அழுத்தினால் இணைப்பு இணைப்பாகப் போகலாம். லின்க்ஸ் செய்ததும் இதேதான்: பட்டியலே ஒரு பக்கம்.

ஜே, கே, பி, ஓ, செமிகோலன்

தமிழ்ல படிக்கிறவங்களுக்கு இன்னொரு சுவர் இருந்தது. 1991-லேயே யூனிகோடில் தமிழுக்கு இடம் கிடைத்துவிட்டது. ஆனால் அடுத்த பத்துப் பதினைந்து ஆண்டுகள் பெரும்பாலான தமிழ்த் தளங்கள் தனித்தனி எழுத்துருக்களில் ஓடின. 1999-இல் சென்னையில் நடந்த தமிழிணையம் மாநாட்டுக்குப் பிறகு டாம், டாப் என்ற குறியீடுகள் வந்தன. அதற்கு வெளியே டிஸ்கி, பாமினி என்று பலவும் இருந்தன.

பாமினி எழுத்துருவில் 'தமிழ்' என்று திரையில் தெரியும். ஆனா கணினிக்குள்ள அது ஆங்கில எழுத்துதான். ஸ்கிரீன் ரீடர் அதை எழுத்து எழுத்தாகப் படித்தால் 'ஜே, கே, பி, ஓ, செமிகோலன்'. பக்கம் முழுக்க இப்படித்தான்! தலைப்புப் பட்டையில் அந்த எழுத்துரு வேலை செய்யாததால் பல தளங்கள் பக்கத் தலைப்பை ஆங்கிலத்தில் வைத்தன. அதனால ஒரு வினோதமான நிலைமை: புக்மார்க் பேரைக் கேட்கலாம், புக்மார்க் செஞ்ச பக்கத்தைக் கேட்க முடியாது.

யூனிகோட் பரவியதும் நிலைமை திரும்பியது. இப்ப பக்கத் தலைப்பு தமிழ்ல வரும், ஆனா ஆங்கிலக் குரல் மட்டும் போட்டிருந்தா அந்தப் பேர் வரும்போது மௌனம்தான். ஈஸ்பீக் என்ற இலவச ஒலிப்பானில் தமிழும் சேர்ந்த பிறகே புக்மார்க் பட்டியல் தமிழில் பேச ஆரம்பித்தது. இயந்திரக் குரல்தான், ஆனா புரியும். சென்னை ஐஐடி தலைமையிலான கூட்டு முயற்சியில் இயல்பான தமிழ்க் குரல்கள் வந்தன. விண்டோஸ் 10-இல் 'வள்ளுவர்' என்ற பெயரிலேயே ஒரு தமிழ்க் குரல் இருக்கிறது. தமிழ்நாடு அரசு 2010-இல் யூனிகோடை ஏற்றது அரசுத் தளங்களுக்கு உதவியது.

இன்னொரு நுணுக்கம். பட்டியலில் முதல் எழுத்தை அடித்தால் அந்த எழுத்தில் தொடங்கும் பெயருக்குத் தாவும். பத்து அரசுப் பக்கங்களும் 'தமிழ்நாடு அரசு' என்றே தொடங்கினால் பத்தும் 'த'தான். அதோட, தாவுறதுக்குக் கீபோர்டைத் தமிழுக்கு மாத்தணும். அதனால்தான் சேமிக்கும்போதே பெயரை மாற்றி, 'ரேஷன்', 'ஸ்காலர்ஷிப்' என்று தனியான சொல்லை முன்னால் வைப்பது பயனுள்ள பழக்கம்.

பென் டிரைவில் வந்த மாற்றம்

ஜாஸ் விலை ஆயிரம் டாலரை ஒட்டி இருந்தது. தருமபுரியில் ஒரு பிரவுசிங் சென்டர் நடத்துறவர் அதை வாங்கி வைப்பார்னு எதிர்பார்க்க முடியாது. 2006-இல் ஆஸ்திரேலியாவில் மைக்கேல் கரன் என்ற பார்வையற்ற இளைஞர் என்விடிஏவை எழுத ஆரம்பித்தார். அவருடன் ஜேம்ஸ் டே சேர்ந்தார், அவருக்கும் பார்வை இல்லை. மொசில்லா நிதி கொடுத்து உதவியது. காசு இல்லை என்பது ஒரு விஷயம். சிறிய ஊர்க்காரருக்கு அதைவிடப் பெரிய விஷயம், அதைக் கணினியில் நிறுவாமலேயே பென் டிரைவிலிருந்து ஓட்டலாம் என்பது.

யோசிச்சுப் பாருங்க. பிரவுசிங் சென்டர்ல புக்மார்க் போட்டா அது அந்தக் கணினிக்குச் சொந்தம், நாளைக்கு வேற சீட் கிடைச்சா போச்சு. பென் டிரைவில் என்விடிஏ, கூடவே ஏற்றுமதி செய்த புக்மார்க் கோப்பு. ரெண்டும் சட்டைப் பையில் இருந்தால் எந்தக் கணினியும் உங்களுடையதுதான்.

2011 செப்டம்பரில் அரசு, அரசு உதவி பெறும் பள்ளி, கல்லூரி மாணவர்களுக்கு விலையில்லா மடிக்கணினித் திட்டம் தொடங்கியது. பல வீடுகளில் அதுதான் முதல் கணினி. பார்வையற்ற மாணவருக்கு அதன் பொருள், வேறு யாரும் கலைக்காத ஒரு பட்டியல்.

நட்சத்திரமும் கணக்கும்

2008-இல் கூகுள் குரோம் வந்தது. மெனுப் பட்டை இல்லாத வடிவமைப்பு, ஆரம்ப ஆண்டுகளில் ஸ்கிரீன் ரீடரோடு சரியாகப் பேசவும் இல்லை. அதே ஆண்டு ஃபயர்பாக்ஸ் 3-இல் புக்மார்க்குகள் எச்டிஎம்எல் கோப்பிலிருந்து ஒரு தரவுத்தளத்துக்குள் போயின. முகவரிப் பட்டையில் நட்சத்திரம் வந்தது. கண்ணுக்கு எல்லாம் எளிமையாச்சு. காதுக்கு அப்படி இல்ல: மெனு ஒளிஞ்சது, குறுக்குவிசை மாறினது, பழகின விரல் தடுமாறுச்சு. பின்னாளில் இவை பெரும்பாலும் சரியாயின. இன்னிக்கு குரோமும் நல்லாவே பேசுது.

அடுத்து, பட்டியல் இணையக் கணக்குக்குப் போனது. 2003-இல் தொடங்கிய டெலிஷியஸ் தளத்தை 2005-இல் யாஹூ வாங்கியது, 2011-இல் விற்றது, 2017-இல் அது வெறும் காட்சிப் பொருளானது. மொசில்லாவின் பாக்கெட் சேவை 2025 ஜூலையில் மூடப்பட்டது. ஒவ்வொரு முறையும் பயனர்களிடம் சொன்னது ஒன்றுதான்: உங்கள் பட்டியலை ஏற்றுமதி செய்துகொள்ளுங்கள்.

கையில் மிஞ்சுவது

30 வருஷக் கதையில எது நிலைச்சதுன்னு பார்த்தா, 1994-இன் அந்த எளிய எச்டிஎம்எல் கோப்புதான். இன்னிக்கும் குரோம், ஃபயர்பாக்ஸ், எட்ஜ் எல்லாமே ஏற்றுமதி செய்யும்போது அதே வடிவத்தில்தான் கொடுக்கின்றன. குரோமிலும் ஃபயர்பாக்ஸிலும் கன்ட்ரோல் ஷிஃப்ட் ஓ அழுத்துங்க, புக்மார்க் மேலாளர் திறக்கும், அங்கேயே ஏற்றுமதி இருக்கு. வந்த கோப்பைத் திறந்து '3' அழுத்தினால் ஃபோல்டர்கள், 'கே' அழுத்தினால் இணைப்புகள், என்விடிஏ விசையோடு எஃப்7 அழுத்தினால் முழுப் பட்டியல். உள்ஃபோல்டரும் மூன்றாம் நிலைத் தலைப்பாகவே வரும் என்பதால் ஆழம் தெரியாது, அது ஒன்றுதான் குறை. ஃபோல்டர்களை ஒரே அடுக்கில் வைத்தால் அதுவும் தீரும்.

மாசத்துக்கு ஒரு தடவை ஏற்றுமதி பண்ணி, ஒரு பிரதியைப் பென் டிரைவில் போட்டு வையுங்க. கம்பெனி மாறும், மெனு மாறும், விசை மாறும். அந்தக் கோப்பு உங்ககிட்ட இருக்கும், எந்த ஸ்கிரீன் ரீடரும் அதைப் படிக்கும்.

அடுத்த அத்தியாயத்தில் சந்திப்போம்.