அபினும் ஆண்மையும்

ஒரு மருந்தின் வரலாற்றை எழுதப் புகுவோர், அதை உண்டவன் கதையோடு விற்றவன் கதையையும் எழுதியே ஆகவேண்டும். அபினின் வரலாறு இதற்குத் தக்க சான்றாகும்.

சீனத்திலே அபின் ஒரு காலத்தில் மருந்தாக மட்டுமன்றி, ஆண்மையைப் பெருக்கும் பொருளாகவும் செல்வர் மாளிகைகளில் வழங்கியது. பின்னர் கிழக்கிந்தியக் கம்பனி வங்காளத்து அபினை ஏலமிட, வணிகர் அதைச் சீனக் கரையிற் கள்ளமாக இறக்கினர். 1839இல் ஆணையாளர் லின் செசூ 20,000க்கு மேற்பட்ட பெட்டிகளைக் கைப்பற்றி அழித்தார். பிரித்தானியா போர் தொடுத்தது. 1842இன் நாங்கிங் உடன்படிக்கையால் சீனம் ஹொங்கொங்கை இழந்தது.

ஆண்மையை வளர்ப்பதாக நம்பப்பட்ட இப்பொருளினம் அதன் வேரையே அரிப்பதென்பதைப் பிற்கால விஞ்ஞானம் காட்டிற்று. மூளையின் அடியிலுள்ள பரிவகக்கீழ் என்னும் பகுதி கபச்சுரப்பியைத் தூண்டுகிறது. கபச்சுரப்பி விதைகளைத் தூண்ட, அவை டெஸ்டோஸ்டெரோன் என்னும் ஓமோனைச் சுரக்கின்றன. அபினின மருந்துகளை நெடுங்காலம் உட்கொண்டால் முதல் தூண்டுதலே அடங்கிவிடுகிறது. வேட்கை குன்றுகிறது, விந்தின் தரம் கெடுகிறது, தசையும் எலும்பும் நலிகின்றன, மனம் சோர்கிறது. ஹெரோயின் அடிமைகளுக்குச் சிகிச்சையாக அளிக்கப்பட்ட மெதடோனை உட்கொண்ட ஆண்களிடம் இக்குறைவைத் தியோடர் சிசெரோவும் துணைவரும் கண்டு, 1975இல் வெளியிட்டனர்.

அறிவு கிடைத்துவிட்டது, வாணிகம் நின்றதா? 1996இல் அமெரிக்காவின் பெர்டியூ நிறுவனம் ஒக்ஸிகொன்டினைச் சந்தைப்படுத்தியது. அடிமையாகும் அபாயத்தைக் குறைத்துக் காட்டியதற்காக, 2007இல் அதன் சார்பு நிறுவனம் நீதிமன்றில் குற்றத்தை ஒப்புக்கொண்டது. ஏறக்குறைய 60 கோடி டொலர் செலுத்தவும் நேர்ந்தது. நெடுநாட் பயன்பாடு பாலியல் ஓமோன்களைக் குறைக்கக்கூடுமென்ற எச்சரிக்கை இவ்வகை மருந்துகள் யாவற்றிலும் இடம்பெற வேண்டுமென அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் பணித்ததோ 2016இல். இடையிற் கழிந்தவை 41 ஆண்டுகள்!

அவ்வாண்டுகளில் முதுகு நோவுக்கு மாத்திரை விழுங்கிய உழைப்பாளி தன் தளர்ச்சியை எவ்வாறு விளங்கிக்கொண்டிருப்பான்? தன் ஆண்மைக் குறையென்று நாணி, மனைவியிடமும் வைத்தியரிடமும் வாய்திறவாதிருந்தோர் பலராவர். நோயாளியின் நாணம் விற்பனையாளனுக்குக் காவலாக அமைந்துவிடுகிறது.

இக்கேடு பெரும்பாலும் மீளக்கூடியது. வைத்தியரின் மேற்பார்வையில் மருந்தைப் படிப்படியாகக் குறைத்து நிறுத்தினால், சுரப்பு மீண்டும் நிலைபெறுவதுண்டு. ஆனால் அதற்கு முதலில் நோயாளி பேசவேண்டும். அவன் நாணமின்றிப் பேசத்தக்க சூழலை ஆக்குவது ஆசிரியரும் மாணவருமாகிய நம் அனைவரின் கடமையாகும்.