கிரண்காவ்: அரசின் முன்னுரிமைகளும் ஆலைத் தொழிலாளர் பண்பாடும்

முன்னுரை

ஓர் அரசு எதனை முதன்மையாகக் கருதுகிறது என்பதை அதன் அறிவிப்புகளைக் காட்டிலும் அது இயற்றும் சட்டங்களும் விதிகளுமே தெளிவாக உணர்த்துகின்றன. தொழில், நிலம் ஆகியவை பற்றிய விதிகள் மாறும்போது ஊதியத்தோடு வாழ்விடமும் கலையும் சேர்ந்தே மாறுகின்றன. இவ்வுண்மையை மும்பைப் பஞ்சாலைப் பகுதியின் வரலாற்றைக்கொண்டு ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கமாகும். பரள், லால்பாக், வொர்லி உள்ளிட்ட அப்பகுதியை மராத்தியர் ‘கிரண்காவ்’, அதாவது ஆலையூர், என வழங்குவர்.

ஆலைகளும் ஏற்றத்தாழ்வுகளும்

1854இல் காவஸ்ஜி நானாபாய் தாவர் நிறுவிய நிறுவனத்தோடு பம்பாயின் பஞ்சாலைத் தொழில் தொடங்கிற்று. கொங்கணத்திலிருந்தும் தக்காணத்திலிருந்தும் வந்த உழவர் குடிகளே அதன் தொழிலாளராயினர். 1884இல் நாராயண் மேகாஜி லோகண்டே தொழிலாளரைத் திரட்டி முன்வைத்த கோரிக்கைகளின் பயனாக 1890இல் வார விடுமுறை கிட்டியது.

எனினும் ஆலை ஒரு சமத்துவக் களமாக விளங்கவில்லை. நாடாவில் நூலை வாயால் உறிஞ்சிக் கோக்கவேண்டியிருந்தமையால், தீட்டு எனக் காரணங்காட்டி, கூடுதல் ஊதியம் கிடைத்த நெசவுப் பிரிவில் தலித் மக்கள் சேர்க்கப்படவில்லை. 1928 வேலைநிறுத்தக் காலத்தில் அம்பேத்கர் இவ்விலக்கை எதிர்த்துக் குரல் கொடுத்தார். ‘பதலி’ எனப்பட்ட மாற்றுத் தொழிலாளர் நாள்தோறும் ஆலை வாயிலில் வேலைக்குக் காத்துநின்றனர். ஆகவே கிரண்காவின் அழிவைப் பேசுவோர் அதனைப் பொற்காலமாகப் புனைந்துரைப்பது பொருந்தாது.

உழைப்பிலிருந்து எழுந்த கலை

குடும்பத்தை ஊரில் விட்டுவந்த ஆடவர் ஓரறையில் பலராகத் தங்கினர். அவர்களுக்குப் பெண்கள் தம் இல்லங்களிலேயே சமைத்து உணவளித்தனர். ‘கானாவள்’ எனப்பட்ட இவ்வுணவு முறை ஆலைக் கணக்கேடுகளில் இடம்பெறாத உழைப்பாகும். இப்பெண்களை ஒருங்கிணைத்து 1975இல் பிரேமா புரவ் அன்னபூர்ணா மகிளா மண்டலை நிறுவினார்.

நெருக்கமான இவ்வாழ்விலிருந்தே பஜனைக் குழுக்களும் உடற்பயிற்சிக் கூடங்களும் நாடகங்களும் தோன்றின. 1944இல் அமர் ஷேக், அண்ணா பாவ் சாட்டே, கவாண்கர் ஆகியோர் அமைத்த செங்கொடிக் கலைக்குழு தமாஷா வடிவத்தைத் தொழிலாளர் அரசியலுக்குரிய கலையாக்கிற்று. ஆலைத் தொழிலாளி ஒருவர் எடுத்து வளர்த்த ஆதரவற்ற குழந்தையான நாராயண் சுர்வே பின்னாளில் மராத்தியின் முதன்மைக் கவிஞருள் ஒருவரானார். 1960இல் மகாராட்டிர மாநிலம் உருவாக வழிவகுத்த ஒன்றுபட்ட மகாராட்டிர இயக்கத்திற்கு இக்கலைஞரின் பாடல்கள் வலுவூட்டின என்பது நோக்கத்தக்கது.

சட்டமும் வேலைநிறுத்தமும்

1946ஆம் ஆண்டுப் பம்பாய்த் தொழிலுறவுச் சட்டம், ஒரு தொழிலுக்கு ஒரு சங்கத்தையே பேச்சுவார்த்தைக்கு உரிய பிரதிநிதியாக ஏற்றது. தொழில் அமைதியே அதன் நோக்கம். ஆயின், தொழிலாளர் தாம் விரும்பிய சங்கத்தின்வழிப் பேசும் உரிமை அதனால் குறுகிற்று. 1982 சனவரி 18 அன்று தத்தா சாமந்த் தலைமையில் ஏறத்தாழ இரண்டரை இலட்சம் தொழிலாளர் வேலைநிறுத்தத்தில் இறங்கியபோது, ஊதிய உயர்வோடு இச்சட்டத்தை நீக்கவேண்டும் என்பதும் அவர்தம் கோரிக்கையாயிற்று. ஓராண்டுக்கு மேல் நீடித்த போராட்டம் முறையான உடன்பாடின்றியே தேய்ந்தது. 1983இல் நடுவண் அரசு 13 ஆலைகளின் நிருவாகத்தை ஏற்றது. 1985ஆம் ஆண்டு ஜவுளிக் கொள்கையோ, பிழைக்கவியலாத ஆலைகளை மூடுவதற்கு இடமளித்தது.

நிலம் முதன்மை பெறுதல்

நெசவைவிட நிலம் மதிப்புமிக்கதாக மாறிய காலம் அது. 1991ஆம் ஆண்டு வளர்ச்சிக் கட்டுப்பாட்டு விதிகளின் 58ஆம் விதி, விற்பனைக்கு வரும் ஆலை நிலத்தில் ஒரு பங்கு பொதுவெளிக்கும், ஒரு பங்கு பொது வீட்டுவசதிக்கும், எஞ்சியது உரிமையாளருக்கும் என வகுத்தது. 2001இல் மாநில அரசு அதனைத் திருத்தி, கட்டடங்களற்ற வெற்று நிலத்திற்கு மட்டுமே இப்பங்கீடு பொருந்தும் என்றது. ஆலைகளின் பெரும்பரப்பைக் கட்டடங்களே நிறைத்திருந்தமையால் பொதுப்பங்கு மிகவும் சுருங்கிற்று. 2005இல் பம்பாய் உயர்நீதிமன்றம் பொதுப்பங்கிற்குச் சார்பாகத் தீர்ப்பளித்தது. 2006 மார்ச்சில் உச்சநீதிமன்றம் அதனை மாற்றித் திருத்தத்தை நிலைநிறுத்தியது. தேசிய ஜவுளிக் கழகம் 2005இல் ஏலத்தில் விட்ட மும்பை ஆலை நிலம் மட்டும் 702 கோடி ரூபாய்க்கு விலைபோயிற்று.

தொழிலாளர்க்கான வீடுகள் காலந்தாழ்ந்தே வந்தன. 2012ஆம் ஆண்டு முதற் குலுக்கலில் 6,925 வீடுகள் ஒதுக்கப்பட்டன. விண்ணப்பித்தோரோ ஏறத்தாழ ஒன்றரை இலட்சம் பேர். பெயர்ப்பட்டியலில் உள்ள தொழிலாளரும் வாரிசுகளுமே இதற்கு உரியராயினர். அவர்களுக்கு உணவளித்த பெண்கள் பட்டியலில் என்றும் இடம்பெற்றவரல்லர். ஏட்டில் இல்லாத உழைப்புக்கு இழப்பீடும் இல்லை என்பதை இங்குக் காணமுடிகிறது.

முடிவுரை

கிரண்காவின் கலைகள் மக்களின் சுவை மாறியதனால் மட்டும் மங்கவில்லை. அவற்றைப் பாடியோரும் கேட்டோரும் ஓரிடத்தில் வாழும் வாய்ப்பை இழந்தமையாலும் மங்கின. கலைஞருக்கு விருதும் விழாவும் வழங்கும் அரசு, அவர்தம் வாழ்விடம் பற்றிய விதியில் ஒரு சொற்றொடரை மாற்றும்போது பண்பாட்டையும் மாற்றுகிறது. ஆகவே நிலவிதிகளையும் தொழிற்சட்டங்களையும் பண்பாட்டு வரலாற்றின் மூலங்களாகக் கொள்ளுதல் வேண்டும். நீரா அடார்கரும் மீனா மேனனும் 2004இல் வெளியிட்ட கிரண்காவ் வாய்மொழி வரலாறு, ஏடுகள் விட்ட குரல்களை மீட்கும் வழியைக் காட்டுகிறது. தொழிலாளர் இலக்கியத்தை ஆராயும் தமிழ் ஆய்வாளரும் பாடலோடு அது பாடப்பட்ட தெருவின் நில ஆவணத்தையும் சேர்த்துப் படிப்பாராயின் ஆய்வு முழுமை பெறும்.