பகைவர் இருவருக்கும் ஒரே தூதர்

1971ஆம் ஆண்டு டிசம்பரில் இந்தியாவுக்கும் பாகிஸ்தானுக்கும் போர் மூண்டபோது இரு நாடுகளின் தூதுறவும் அறுந்தது. உறவு அறுந்தாலும் காரியங்கள் அறுவதில்லை. தூதரகக் கட்டடங்களுக்குக் காவல் வேண்டும். பகை நாட்டில் அகப்பட்டுக் கொண்ட குடிமக்களின் நலத்தை யாரேனும் விசாரிக்க வேண்டும். சண்டைக்கு நடுவிலும் ஓர் அரசு மற்றோர் அரசுக்குச் சொல்லியனுப்ப வேண்டிய செய்திகள் உண்டு. பாகிஸ்தானில் இந்தியாவின் சார்பாகவும், இந்தியாவில் பாகிஸ்தானின் சார்பாகவும் இப்பொறுப்பை ஒரே நாடு ஏற்றது. அந்நாடு ஸ்விட்ஸர்லாந்து. 1976இல் இரு அரசுகளும் மீண்டும் தூதுறவு கொள்ளும் வரையில் அப்பணி நடந்து வந்தது.

பனிமலைகளுக்கும் கடிகாரங்களுக்கும் பெயர் பெற்ற ஒரு சிறு நாடு, பகைவர் இருவருக்கும் ஒருங்கே நம்பிக்கைக்குரியதாக ஆனது எங்ஙனம்? அந்த நம்பிக்கைக்காக அது கொடுத்த விலை என்ன? இவ்விரு வினாக்களையே நேயர்களோடு சேர்ந்து ஆராய விரும்புகிறேன்.

முதலில் சொல்லைப் பற்றிச் சிறிது கூறிவிடுகிறேன். மொழிபெயர்ப்பையே தொழிலாகக் கொண்டவனுக்கு அது விலக்க முடியாத பழக்கம். தில்லி நேயர்கள் அறிவார்கள். ஸ்விஸ் தூதரகம் இருப்பது சாணக்கியபுரியில், நியாய மார்க்கத்தில். அந்தச் சாணக்கியர் பெயரால் வழங்கும் அர்த்தசாஸ்திரம், எத்தரப்பிலும் சேராத அரசனை ‘உதாசீனன்’ என்கிறது. அச்சொல் தமிழுக்கு வந்து அலட்சியம் என்ற பொருளைப் பெற்றுவிட்டது. நமது பழைய நூல்களில் ‘நொதுமலர்’ என்றொரு சொல் உண்டு. நண்பருமல்லர், பகைவருமல்லர் என்பது பொருள். திருக்குறளில் ஓர் அதிகாரத்தின் பெயராக அமைந்த ‘நடுவு நிலைமை’யோ வேறு, அது நீதி வழங்குவோனின் குணம். எவரோடும் சேராமை, எவரையும் கருதாமை, எவருக்கும் கோடாமை என்ற இம்மூன்றும் ஸ்விஸ் வரலாற்றில் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கின்றன.

1515இல் மாரிஞானோ என்னுமிடத்தில் பிரெஞ்சுப் படையிடம் ஸ்விஸ் படை தோற்றது. அதன் பின் அம்மக்கள் பிறர் மண்ணை வெல்லும் ஆசையை விட்டனர் என்று பள்ளிப் புத்தகங்கள் கூறும். அது முழு உண்மையன்று. நாடு போருக்குச் செல்லவில்லையே தவிர, அதன் இளைஞர்கள் கூலிப்படையாக ஐரோப்பிய மன்னர் பலருக்கும் தொடர்ந்து போர் செய்து கொண்டுதான் இருந்தார்கள். சட்டப்படியான நடுநிலைமை வந்தது 1815இல். நெப்போலியன் வீழ்ந்த பிறகு, நவம்பர் 20ஆம் தேதி பாரிஸில் வல்லரசுகள் ஸ்விட்ஸர்லாந்தின் நிரந்தர நடுநிலைமையை ஒப்புக்கொண்டு கையொப்பமிட்டன. அந்தப் பத்திரத்தின் வாசகத்தை எழுதியவர் பிக்தே த ரோஷ்மோன் என்ற ஜெனீவாக்காரர். வல்லரசுகள் அளித்த வரத்தின் வாசகத்தை, வரம் பெற்றவரே எழுதிக் கொடுத்தார் என்பது கவனிக்கத்தக்கது.

1870-71இல் பிரான்சும் ஜெர்மானிய நாடுகளும் போரிட்டபோது பிரான்சிலிருந்த பவேரியா, பாடன் நாட்டவரின் நலனை ஸ்விட்ஸர்லாந்து கவனித்துக் கொண்டது. அதே போரில், தோற்று ஓடிவந்த ஏறக்குறைய 87,000 பிரெஞ்சு வீரர்களிடம் எல்லையில் ஆயுதங்களை வாங்கிக்கொண்டு, அவர்களுக்கு உணவும் இடமும் அளித்தது. பிறர் நலன் காக்கும் தூதுப்பணி இவ்வாறு தொடங்கியது. இரண்டாம் உலகப் போரின்போது 35 நாடுகளின் நலன்கள் அதன் கையில் இருந்தன. 1945 ஆகஸ்டில் ஜப்பான் சரணடைய முன்வந்த செய்தி அமெரிக்காவை எட்டியதும் ஸ்விஸ் அரசின் வழியாகத்தான்.

இனி, பெருமையாகச் சொல்லிக்கொள்ள முடியாத பகுதிக்கு வருவோம். 1938இல் ஆஸ்திரியாவை ஹிட்லர் விழுங்கியதும் யூதர்கள் ஸ்விஸ் எல்லைக்கு ஓடி வந்தனர். ஸ்விஸ் அரசு எல்லையை மூடியது. அவ்வாண்டு இறுதிக்குள் ஜெர்மனியோடு பேசி, யூதர்களின் பாஸ்போர்ட்டுகளில் ‘ஜே’ என்ற எழுத்து முத்திரையிடப்படவும் வகை செய்தது. சாங்க்ட் காலன் மாநிலப் போலீஸ் தலைவர் பவுல் குரூனிங்கர், அகதிகள் வந்து சேர்ந்த தேதியை முன்தேதியாக எழுதி நூற்றுக்கணக்கானோரை உள்ளே விட்டார். 1939இல் அவர் வேலை போயிற்று. 1940இல் நீதிமன்றம் தண்டித்தது. 1972இல் அவர் இறந்தார். அத்தண்டனையை நீதிமன்றம் நீக்கியது 1995இல்! முத்திரை விவகாரத்திற்காக அந்நாட்டு ஜனாதிபதி பகிரங்கமாக மன்னிப்புக் கோரியதும் அதே ஆண்டில்தான். நாஜி ஜெர்மனியிடமிருந்து தங்கம் வாங்கிய செயலுக்கு 1946இல் வாஷிங்டனில் செய்த உடன்படிக்கைப்படி 25 கோடி பிராங்கு கொடுத்து நேசநாடுகளோடு கணக்கு முடித்தார்கள். பணக்கணக்கு விரைவில் முடிந்தது. மனிதக் கணக்குக்கு அரை நூற்றாண்டு ஆயிற்று.

ஆயினும் இதே அரசின் இதே பணியைக் கொண்டு வேறொரு மனிதர் செய்ததையும் கேளுங்கள். கார்ல் லூட்ஸ் புடாபெஸ்ட் நகரில் ஸ்விஸ் துணைக் கான்சல். போரில் எதிர்த்தரப்பிலிருந்த பிரிட்டனின் நலன்களை ஹங்கேரியில் கவனிப்பது அவர் வேலை. பாலஸ்தீனம் அப்போது பிரிட்டன் ஆட்சியில் இருந்தது. ஆகவே, அங்கே குடியேற அனுமதி பெற்ற யூதர்களுக்குப் பாதுகாப்புக் கடிதம் வழங்கும் உரிமை தமக்கு உண்டு என்று 1944இல் வாதாடினார். 8,000 பேருக்கு ஒப்புதல் கிடைத்தது. 8,000 பேர் என்பதை 8,000 குடும்பங்கள் என்று அவர் பொருள் கொண்டார். அதுவும் போதாமற் போகவே, ஒன்று முதல் 8,000 வரையுள்ள எண்களையே திரும்பத் திரும்ப இட்டுக் கடிதங்கள் எழுதினார். 76 வீடுகளை ஸ்விஸ் பாதுகாப்பில் உள்ளவை என்று அறிவித்தார். பல்லாயிரம் உயிர்கள் பிழைத்தன. எண் என்பது குமாஸ்தாக்களின் தெய்வம். அத்தெய்வத்தைக் கொண்டே அவர் குமாஸ்தாக்களை ஏமாற்றினார். நாடு திரும்பியவருக்குக் கிடைத்தது அதிகாரத்தை மீறினார் என்ற கண்டனம்.

சுதந்திர இந்தியாவோடு ஸ்விட்ஸர்லாந்து 1948 ஆகஸ்டு 14ஆம் தேதி, நமது சுதந்திரத்தின் முதலாண்டு நிறைவுக்கு முதல் நாள், புது தில்லியில் நட்புறவு உடன்படிக்கை செய்துகொண்டது. ஐந்தாண்டுகளில் இரு நாடுகளும் கொரியாவில் சந்தித்தன. 1953இல் போர் நின்றபோது, தாய்நாடு திரும்ப மறுத்த 22,000க்கும் மேற்பட்ட கைதிகளைப் பற்றி முடிவு செய்ய ஐந்து நாடுகளின் குழு ஒன்று அமைந்தது. ஸ்வீடன், ஸ்விட்ஸர்லாந்து, போலந்து, செக்கோஸ்லோவாகியா ஆகியவற்றோடு இந்தியா தலைமை வகித்தது. தலைவர் ஜெனரல் திம்மய்யா. நடுநிலையாளரையும் தரப்புக்கு இருவராகப் பங்கிட்டுக் கொண்டார்கள் என்பதுதான் இதில் வேடிக்கை. ஸ்விஸ், ஸ்வீடன் இரண்டும் மேற்கு அணி தேர்ந்தவை. மற்ற இரண்டும் எதிரணி தேர்ந்தவை. கைதிகளைக் கட்டாயப்படுத்தலாகாது என்பதில் ஸ்விஸ் பிரதிநிதி உறுதியாக நின்றார். தாம் நடுவில் நிற்பதாகக் கருதுவது ஒன்று, பிறர் அவ்வாறு கருதுவது மற்றொன்று என்பதை அந்நாடு அங்கே நேரில் கண்டது.

பின்னர் வந்த பணிகள் பல. 1961 முதல் 2015 வரை ஹவானாவில் அமெரிக்காவின் நலன்களையும், 1980இலிருந்து டெஹ்ரானிலும் அவ்வாறே கவனிக்கும் பொறுப்பை அது ஏற்றது. அல்ஜீரிய விடுதலைக்கான ஏவியான் பேச்சு வார்த்தையின்போது அல்ஜீரியத் தூதுக்குழு பிரெஞ்சு மண்ணில் தங்க விரும்பவில்லை. ஆகவே ஸ்விஸ் கரையில் அவர்களைத் தங்கவைத்து, ஹெலிகாப்டரில் ஏரியைக் கடத்தி, 1962 மார்ச்சில் உடன்பாடு முடியும் வரை அழைத்துச் சென்றார்கள்.

ஐக்கிய நாடுகள் சபையின் ஐரோப்பியத் தலைமையகத்தை ஜெனீவாவில் வைத்திருந்தும், சபையில் சேர்வதை 1986இல் ஸ்விஸ் மக்கள் நான்கில் மூன்று பங்கு வாக்குகளால் மறுத்தனர். 2002இல்தான் சிறு பெரும்பான்மையோடு இசைந்து 190ஆவது உறுப்பினராயினர். 2022 பிப்ரவரியில் ருஷியா உக்ரைன் மீது படையெடுத்ததும் ஐரோப்பிய யூனியனின் பொருளாதாரத் தடைகளை ஸ்விட்ஸர்லாந்தும் மேற்கொண்டது. ஆனால் தன் நாட்டு வெடிமருந்துகளைப் பிற நாடுகள் உக்ரைனுக்கு அனுப்ப இசையவில்லை. இரு பக்கமும் வருத்தம். அவ்வாண்டு ஆகஸ்டில், ருஷியாவில் உக்ரைனின் நலனைக் கவனிக்க ஸ்விட்ஸர்லாந்து முன்வந்தது, உக்ரைன் இசைந்தது. ருஷியாவோ, ஸ்விட்ஸர்லாந்தை இனி நடுநிலை நாடாகக் கொள்வதற்கில்லை என்று கூறி மறுத்துவிட்டது. 2024 ஜூனில் பூர்கன்ஸ்டாக் மலை மீது ஸ்விஸ் அரசு கூட்டிய உக்ரைன் சமாதான மாநாட்டுக்கு ருஷியாவுக்கு அழைப்பில்லை. இந்தியப் பிரதிநிதி சென்றிருந்தார். கூட்டறிக்கையில் இந்தியா சேரவில்லை.